பேர்ப்பாறையும் எம்.எல்.ஏ. நம்புநாச்சியும்

சம்மந்தி, கோவிச்சுக்கிட்டு வேன்ல போயி ஏறிக்கிட்டா எப்பிடி. எறங்குங்க. இந்தப் பூவரசு நெழல்ல செத்த நேரம் உக்காருங்க. பந்தியில எல போட்டாச்சு, அது எங்கயும் ஓடிறாது. மதினி, நீங்களும் வாங்க. எங்க சிவரஞ்சனி அந்தப் பாறையில ஏறி நின்னு உங்க மகன் பேர மூணு தடவ கூப்பிடணும்னு சொன்னதும் உங்களுக்கு மனசு பதறிப்போச்சு. புருசன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு உங்க பக்கம் சொல்லுவாக. பெத்த மனசு பதறத்தான் செய்யும், அதத் தப்புன்னு சொல்லல. நான் பொண்ணுக்கு மூத்த தாய்மாமன், பாறைக்குப் பக்கத்துலயே வீடு கட்டி இருக்குறவன். கதைய நான் சொல்றேன். கேட்டுட்டும் வேண்டாம்னா வேண்டாம், நானே அந்தப் பாறையச் சுத்தி முள்ளு வச்சு அடச்சுர்றேன்.

ரோடு வந்ததுக்குப் பிந்தி, கரண்டு வாரதுக்கு முந்தி, இதே தாழைமுனையில ஒரு பொம்பள இருந்தாக. நம்புநாச்சின்னு பேரு. மீன் கூடை சுமக்குறவுக. புருசன் கோட்டைச்சாமி, வள்ளத்துல போயி வல போடுற ஆளு. அவரு புடிச்சுக் கொண்டாருவாரு, இவுக கொண்டு போயி விப்பாக. இன்னைக்கி நீங்க வந்தீகளே அந்த ரோடு, அதுல ஒம்பது மைலு. டவுன் மார்க்கெட்டுக்குத் தெனமும் ஒம்பது மைலு நடக்கணும்.

பஸ்ஸு இல்லையான்னு கேப்பீக. இருந்துச்சு. ஒண்ணுக்கு ரெண்டா இருந்துச்சு. ஆனா மீன் கூடய ஏத்த மாட்டாக. நாறும், மத்த சனம் ஏறாதுன்னு சொல்லிட்டு, கூடயப் பாத்த ஒடனே கண்டக்டரு ரைட் குடுத்துருவாரு. கூட தலையில, வெயிலு உச்சியில, பஸ்ஸு நிக்கல. அப்பிடித்தான் எங்க ஊர்ல அந்தக் காலத்தச் சொல்லுவாக. பொம்பளைக மார்க்கெட்டுக்குப் போயிச் சேர்றதுக்குள்ள மீனு கண்ணு வெளுத்துப் போகும். வெளுத்த மீன யாரு வாங்குவா.

இதுல இன்னொண்ணு என்னன்னா, அந்த பஸ்ஸுக்கு முதலாளிதான் இந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. அவரு பேரு எதுக்கு, அவுக பேரப்புள்ளைக எங்ககூட நல்லாத்தான் பழகுறாக. பஸ் முதலாளின்னே வச்சுக்குவோம். ஊருசனம் போயி அவருகிட்ட மனு குடுத்தா, நான் பஸ்ஸு விட்டது மனுசருக்கு, மீனுக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாராம்.

அப்ப ஒரு சித்திர மாசம். செல்லக்கிளின்னு ஒரு சின்னப் பொண்ணு, கலியாணமாகி ரெண்டு வருசம், ஏழு மாசப் புள்ளத்தாச்சி. வீட்டுல கஷ்டம், கூடை தூக்காமத் தீராது. நம்புநாச்சிக்குப் பின்னாடியே நடந்து போயிருக்கா. அஞ்சாவது மைலுல, பாலத்துக்கிட்ட, அப்பிடியே சாஞ்சுட்டா. தூரத்துல பஸ்ஸு வருது. நம்புநாச்சி நடுரோட்டுல நின்னு ரெண்டு கையையும் ஆட்டுனாக. கூடயெல்லாம் வேண்டாமய்யா, இந்தப் புள்ளய மட்டும் ஆஸ்பத்திரியில எறக்கி விடுங்கன்னு கெஞ்சுனாக. பஸ்ஸு வெலகிப் போயிருச்சு. மாட்டுவண்டி புடிச்சு, ஆஸ்பத்திரி போயி, செல்லக்கிளி பொழச்சா. வயித்துல இருந்தது பொழைக்கல.

அதோட ஊரு பொறுக்கல. அடுத்து வந்த எலெக்‌ஷன்ல கோட்டைச்சாமிய நிப்பாட்டுனாக. படகுச் சின்னம். சொவரு சொவரா அவரு பேர எழுதுனாக. கடக்கரையில இருவத்தாறு ஊரு, அத்தன ஊரு மீன்காரச் சனமும் ஒண்ணாச் சேந்துச்சு. பஸ் முதலாளிக்கு மொத மொதலா வேர்த்துச்சுன்னு சொல்லுவாக.

ஆனா எங்க பொம்பளைக ஒரு கூத்துப் பண்ணுனாக பாருங்க. நம்புநாச்சி ஓட்டுக் கேக்கப் போனாக. என்னன்னு கேட்டாக தெரியுமா? எங்க வீட்டு ஆளுக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேட்டாக. ஒங்க வீட்டு ஆளு யாரும்மான்னு கேட்டா, அவுகதான்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாக. ஒரு மாசம் பூரா ஓட்டுக் கேட்டாக, நிக்கிற ஆளு பேர ஒரு தடவகூடச் சொல்லல. புருசன் பேரச் சொல்லலாமா? ஆயுசு போயிருமே. உங்க பக்கத்துக்கும் எங்க பக்கத்துக்கும் அப்ப ஒரே சட்டந்தான் மதினி.

இது பஸ் முதலாளியோட ஏஜெண்டு காதுல விழுந்துருச்சு. மெல்லிசா, கண்ணாடி போட்ட ஆளு. பலே ஆளு.

ஓட்டுப் போடுற அன்னைக்கி, இந்தா இந்தப் பள்ளிக்கொடத்துல, ஆம்பளைக வரிசை கடகடன்னு போயிருச்சு. பொம்பளைக வரிசையில மொதப் பொம்பள உள்ள போனதும் ஏஜெண்டு எந்திரிச்சான். அய்யா, இவுகதான் லிஸ்ட்டுல இருக்குற ஆளான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, புருசன் பேரக் கேளுங்கன்னான். ஆட்சேபனைன்னு ஒருத்தன் சொல்லிட்டா அதிகாரி கேட்டுத்தான ஆகணும். கேட்டாரு. அந்தப் பொம்பள முந்தானையக் கடிச்சுக்கிட்டு நின்னா. சொல்லும்மான்னாரு. வெளிய நிக்கிற புருசனக் கையக் காமிச்சா. கையக் காமிச்சா பேராகுமான்னு கேட்டான் ஏஜெண்டு. அதிகாரி பாவம், என்ன செய்வாரு. ஓரமா நின்னு யோசிச்சுட்டு வாம்மான்னு நிப்பாட்டிட்டாரு. அடுத்தவ வந்தா, அவளும் ஓரமா. அதுக்கு அடுத்தவ வந்தா, அவளும் ஓரமா.

நம்புநாச்சி முறை வந்துச்சு. பள்ளிக்கொடத்துச் சொவத்துல கோட்டைச்சாமின்னு அம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு. லிஸ்ட்டுல அச்சடிச்சு இருக்கு. வரிசையில நிக்கிற அத்தன பேருக்கும் தெரியும். ஒன் புருசன் பேரு என்னம்மான்னு கேக்குறாரு அதிகாரி. நம்புநாச்சிக்கு வாய் வரல. கண்ணுல தண்ணிதான் வந்துச்சு. அவுகளும் ஓரமா நின்னாக. சாயங்காலம் கதவ அடைக்கிற வரைக்கும் நின்னாக.

ஓரமா நின்ன பொம்பளைக இருநூத்தி ஆறு பேரு. கோட்டைச்சாமி தோத்தது நூத்தி நாப்பத்தி மூணு ஓட்டுல.

வீட்டுல கோட்டைச்சாமி மூணு நாளு பேசல. வலயப் பிரிச்சுப் போட்டுக் கிழிசலத் தச்சுக்கிட்டே இருந்தாரு. நாலாம் நாளு நம்புநாச்சி கஞ்சி கொண்டாந்து வச்சுட்டு, என்னைய நாலு வார்த்த வைய்யவாவது செய்யுங்கன்னு அழுதாக. அப்ப அவரு சொன்னாராம்: "ஒன்னைய எதுக்கு வையணும். எம்மேல உள்ள பிரியத்துலதான நீ வாயத் தொறக்கல. அந்தப் பிரியத்தையே கம்பா எடுத்து நம்மள அடிச்சுட்டான் பாரு, அதுதான் எனக்கு ஆறல."

அந்த வார்த்தை நம்புநாச்சி மனசுல போயி உக்காந்துக்கிச்சு. ரோட்டுல நடக்கையில அதே நெனப்பு. கூட தலையில, வெயிலு உச்சியில, பஸ்ஸு நிக்கல. பாலத்தத் தாண்டும்போதெல்லாம் செல்லக்கிளி மொகத்தப் பாக்க முடியாமக் குனிஞ்சுக்கிட்டே போவாகளாம். இப்பிடியே நாலு வருசம் போச்சு. அடுத்த எலெக்‌ஷனு கிட்ட வந்துருச்சு.

ஒரு நாளு புருசன்கிட்டக் கேட்டாக, நான் ஒங்க பேரச் சொல்லிப் பாக்கட்டான்னு. கோட்டைச்சாமி சிரிச்சுட்டாரு. கடலுக்குப் போறவன் ஆயுசு ஒன் நாக்குலயா இருக்கு, சொல்லிப் பாருன்னு சொல்லிட்டாரு. மாமியா காளியம்மாதான் குதிச்சாக. என் மகனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னைய இந்தக் கரையில கால் வைக்க விட மாட்டேன்னு.

தை மாசம். வள்ளமெல்லாம் மத்தியானத்துக்கு மேல கடலுக்குப் போகும், மறுநா காலையில கரைக்கு வரும். ஊர்ப் பொம்பளைக அத்தன பேரையும் வரச் சொல்லிட்டு, நம்புநாச்சி இந்தப் பாறையில ஏறி நின்னாக. கோட்டைச்சாமி வள்ளத்தத் தள்ளிக்கிட்டு இருக்காரு. மொதத் தடவ வாயத் தொறந்தாக, காத்துத்தான் வந்துச்சு. ரெண்டாந்தடவ பாதிப் பேருதான் வந்துச்சு. மூணாந்தடவ முழுசா வந்துச்சு, கோட்டைச்சாமின்னு. வள்ளத்துல இருந்தவரு திரும்பிப் பாத்துக் கையத் தூக்கிக் காமிச்சுட்டுப் போயிட்டாரு. பொம்பளைகெல்லாம் நாளைக்கி ஆளு வரட்டும், பாப்போம்னு கலஞ்சு போயிட்டாக.

மறுநா விடிஞ்சா, பனி. எந்தத் தையிலயும் அப்பிடி ஒரு பனி எறங்குனதில்லன்னு சொல்லுவாக. கரையில நின்னா கடல் தெரியல. கைய நீட்டுனா வெரலு தெரியல. ஒவ்வொரு வள்ளமா தட்டுத் தடுமாறிக் கரைக்கு வந்துச்சு. பதினாலு வள்ளம் போனதுல பதிமூணு வந்துருச்சு. கோட்டைச்சாமி வள்ளம் வரல.

காளியம்மா மண்ணுல விழுந்து பொரண்டாக. ஒன் தாலிய நீயே அறுத்துக்கிட்டியேடின்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாக. வாய அடக்கத் தெரியாதவ, புருசன முழுங்குனவன்னு ஆளாளுக்கு ஏசுறாக. வேற ஒருத்தியா இருந்தா வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதுருப்பா. நம்புநாச்சி திரும்பவும் பாறையில ஏறுனாக. ஏறி நின்னுக்கிட்டு ஊரப் பாத்துச் சொன்னாக:

"மூணு தடவ சொன்னதுல போனவுக, முந்நூறு தடவ சொன்னா வருவாக."

சொல்லிட்டுக் கூப்பிட ஆரம்பிச்சாக. கோட்டைச்சாமி. கோட்டைச்சாமி. மூச்சு வாங்குவாக, திரும்பக் கூப்பிடுவாக. தொண்ட கம்மிப் போச்சு, தண்ணியக் குடிச்சுட்டுத் திரும்பக் கூப்பிட்டாக. ஏசுனவுகளுக்கே அந்தக் கொரலக் கேக்கவே பயமா இருந்துச்சாம். கோட்டைச்சாமி. கோட்டைச்சாமி.

எம்புட்டு நேரம்னு யாரும் பாக்கல. பனிக்குள்ள இருந்து மெதுவா ஒரு கொரலு வந்துச்சாம்: "வாரேன் புள்ள, வாரேன். தொண்டயக் கிழிச்சுக்காத."

அவரு கரையேறி வந்து சொன்னாரு. பனியில தெச தப்பிப் போச்சாம். கரைன்னு நெனச்சு அந்தக் கெழக்குப் பக்கம், கடலுக்குள்ள பாறை கெடக்குதே, அதப் பாத்து வள்ளத்த விட்டுக்கிட்டு இருந்தாராம். இன்னும் கொஞ்சம் போயிருந்தா வள்ளம் செதறியிருக்கும். அப்பத்தான் எங்கயோ பின்னாடி இருந்து தன் பேரு கேட்டுருக்கு. கோட்டைச்சாமின்னு. ஊர்ல அவரு பேரச் சொல்றவுக ஆயிரம் பேரு இருக்காக, ஆனா அப்பிடிச் சொன்னவுக ஒருத்தர்தான, வள்ளத்தத் திருப்பிட்டாரு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. காளியம்மா மண்ணத் தட்டிவிட்டு எந்திரிச்சாக. மகனத் தொட்டுப் பாத்தாக. மருமகளக் கட்டிப் புடிச்சாக. பெறகு விறுவிறுன்னு பாறையில ஏறி, மகன் வந்துட்ட நிம்மதியில கீழ வல தைக்க உக்காந்திருந்த அவுக வீட்டுக்காரரப் பாத்து, ராமுக்காளைன்னு கூப்பிட்டாக. அம்பது வருசக் கலியாணத்துல மொதத் தடவ. அந்தக் கெழவனாரு கையில இருந்த ஊசியக் கீழ போட்டுட்டு, என்னமோ தப்புப் பண்ணிட்டோம்னு எந்திரிச்சு நின்னுட்டாராம். அன்னைக்கிப் பகலெல்லாம் இந்தப் பாறையில பொம்பளைக வரிசை. ஒவ்வொருத்தியா ஏறி, புருசன் பேரக் கூப்பிட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே எறங்குறாக.

கோட்டைச்சாமி அன்னைக்கே ஊருக்கு முன்னாடி சொல்லிட்டாரு: "இந்தத் தடவ நான் நிக்கல. இவதான் நிக்கணும். எனக்குப் படகுச் சின்னத்த வாங்கிக் குடுத்தீக, இவ படகையே கரைக்குக் கொண்டாந்துட்டா."

நம்புநாச்சி நின்னாக. இருவத்தாறு ஊருக்கும் கூடையோடயே நடந்து போனாக. பேச்செல்லாம் பெருசாப் பேசல. கூடைக்கு பஸ்ஸுல எடம் வேணும், அதுக்கு ஒங்க புருசன் பேரு ஒங்க வாயில வரணும், இம்புட்டுத்தான். ஒவ்வொரு ஊருலயும் பொம்பளைகளக் கூட்டி வச்சுச் சொல்லச் சொன்னாக. பனியில வந்த வள்ளத்துக் கதை அதுக்குள்ள கரை பூராப் பரவிப்போச்சு. மறுத்துப் பேச ஆளு இல்ல.

ஓட்டுப் போடுற நாளு வந்துச்சு. அதே பள்ளிக்கொடம். அதே ஏஜெண்டு, அதே கண்ணாடி. மொத ஆளா நம்புநாச்சி நிக்கிறாக. ஆம்பளைகெல்லாம் வேலைக்குப் போகாம, வெளிய சொவத்த ஒட்டி வரிசையா நிக்கிறாக. எதுக்கு? பேரச் சொல்லிட்டு வெளிய வர்ற பொண்டாட்டி, புருசன் நல்லாத்தான் இருக்கான்னு பாத்துட்டு வீட்டுக்குப் போகணும்ல.

ஏஜெண்டு எந்திரிச்சான். புருசன் பேரக் கேளுங்கன்னான்.

நம்புநாச்சி சொன்னாக: "கோட்டைச்சாமி. அவுக அப்பா பேரு ராமுக்காளை. என் பேரு நம்புநாச்சி. ஒங்க வீட்டம்மா பேரு என்னங்கய்யா?"

அவனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. அதிகாரி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, சிரிப்ப அடக்க. அடுத்தவ வந்தா, அவ புருசன் பேரு வெளிய ரோடு வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கடுத்தவ வந்தா, அவ சத்தம் கடல் வரைக்கும் கேட்டுச்சு. பேரச் சொல்லிட்டு வர்ற பொம்பளைக்கு வெளிய நிக்கிற புருசன், இந்தா இருக்கேன்னு குரல் குடுக்குறான். முப்பது பேரு போறதுக்குள்ள ஏஜெண்டு ஆட்சேபனையெல்லாம் இல்லங்க, போடச் சொல்லுங்கன்னு உக்காந்துட்டான். ஆனாலும் எங்க பொம்பளைக விடல. கேக்காமலே சொல்லிட்டுத்தான் ஓட்டுப் போட்டாக. செல்லக்கிளியும் சொன்னா, அழுதுக்கிட்டே சொன்னா.

ரெண்டாயிரத்து நூத்திப் பதினெட்டு ஓட்டு வித்தியாசம் மதினி. டவுன்ல இருந்து மாலையோட கொண்டாந்து எறக்குனாக. தாழைமுனைக்காரி எம்.எல்.ஏ.

சட்டசபைக்கு மொத நாளு போனப்ப, வாசல்ல நின்ன காவல்காரரு, யாரப் பாக்கணும்மான்னு கேட்டாராம். என்னையப் பாக்கத்தான் அம்புட்டுப் பேரு உள்ள உக்காந்திருக்காகன்னு சொன்னாகளாம். இது நெசமோ, எங்க ஊருக்காரன் சேத்துக்கிட்டதோ, எனக்குத் தெரியாது. ஆனா அடுத்து நடந்தது நெசம். மீன் கூடைக்கு பஸ்ஸுல எடம் வேணும்னு இவுக எந்திரிச்சுக் கேட்டாக. மந்திரி, பரிசீலிக்கிறோம்னாரு. பின்னாடி யாரோ நாத்தம்னு சொல்லிச் சிரிச்சாக. நம்புநாச்சி அந்தச் சிரிச்ச ஆளு பக்கம் திரும்பி நின்னாக.

"இன்னைக்கி மத்தியானம் இங்கன சாப்பாட்டுல மீன் கொழம்பு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், யாரும் நாறுதுன்னு எந்திரிச்சுப் போகல. எலைக்கு வந்தா மணக்குது, எங்க தலையில இருந்தா நாறுதா?"

சிரிச்சவரே எந்திரிச்சு, அம்மா சொல்றது நாயம்னு சொன்னாராம். ஆறு மாசத்துல உத்தரவு வந்துச்சு. கடக்கரையில ஓடுற பஸ்ஸு எல்லாத்துலயும் பின்னாடி சீட்டக் கழட்டிட்டுக் கூடைக்கு எடம் விடணும்னு. பஸ் முதலாளி தன் கையாலயே சீட்டக் கழட்டுனாருன்னு சொல்லுவாக. கழட்டித்தான ஆகணும்.

மொத பஸ்ஸு இந்தப் பாறைக்கிட்ட வந்து நின்னப்ப, நம்புநாச்சி எல்லாக் கூடையையும் ஏத்திவிட்டு, கடைசியா தன் கூடைய ஏத்துனாக. எம்.எல்.ஏ. ஆனாலும் கூடய விடல. ரெண்டு தடவ ஜெயிச்சாக. மூணாந்தடவ ஊருக்காரவுக வந்து கெஞ்சுனப்ப, கேட்டது கெடச்சாச்சு, இனி வேற யாராவது வேற எதையாவது கேட்டு நிக்கட்டும்னு சொல்லிட்டு மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டாக. முன்னாள் எம்.எல்.ஏ.கிட்ட மீன் வாங்குறோம்னு டவுன்காரவுகளுக்கு ஒரே பெருமை. பேரம் மட்டும் பேச முடியாதாம்.

செல்லக்கிளிய விட்டுட்டேன்ல. உத்தரவு வந்து ரெண்டாவது வருசம், செல்லக்கிளி திரும்பவும் நெறமாசம். வலி எடுத்துருச்சு. காலையில மொத பஸ்ஸுல ஏத்துனாக. அதே ரோடு, அதே பாலம். பாலத்துக்கிட்ட வரும்போது பொறுக்க முடியல. கண்டக்டரு பஸ்ஸ நிப்பாட்டி ஆம்பளைகள எறக்கி விட்டாரு. கூடைக்கு விட்ட எடத்துல, மீன் கூடைகளுக்கு நடுவுல, ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. நம்புநாச்சிதான் கையில வாங்குனாக. அந்தப் புள்ளைக்கு நம்புராசுன்னு பேரு வச்சாக.

மதினி, என் பேரு நம்புராசு. எங்க ஆத்தா பேரு செல்லக்கிளி. எங்க அய்யா பேரு முத்திருளாண்டி. அந்தப் பேர எங்க ஆத்தா ஒரு நாளைக்கி அம்பது தடவ கூப்பிடும், அவரு தொண்ணூத்தி ஒரு வயசு வரைக்கும் இருந்தாரு.

அன்னைல இருந்து இது பேர்ப்பாறை. பஸ் ஸ்டாப்புக்கும் அதான் பேரு. டிக்கெட்டுலயே அடிச்சிருக்கும், பாத்துக்கங்க. தாழைமுனையில எந்தக் கலியாணமா இருந்தாலும் சரி, தாலி கட்டுன பெறகு பொண்ணு பாறையில ஏறி மாப்பிள்ளை பேர மூணு தடவ கூப்பிடணும். மாப்பிள்ளையும் ஏறிப் பொண்ணு பேர மூணு தடவ கூப்பிடணும். அப்பறந்தான் பந்தி. கடலுக்குப் போன மனுசன் தெச தப்பி நிக்கையில, அவன் பேரச் சொல்லக் கரையில ஒரு வாய் வேணும். உங்க மகன் கடலுக்குப் போகல, கம்பெனிக்குப் போறாருதான். அங்கயும் பனி எறங்காதுன்னு யாரு கண்டா.

அம்புட்டுத்தான் கதை. இனி உங்க இஷ்டம்.

அந்தா பாருங்க, நம்ம பேசிக்கிட்டு இருக்கையிலயே சிவரஞ்சனி ஏறிட்டா. ஜெகதீஸ்வரன்னு கூப்பிடுறா, கேக்குதா? நல்ல கணீர்னு கொரலு. மாப்பிள்ளை சிரிப்பப் பாருங்க. ஆயுசு கொறஞ்ச மாதிரியா தெரியுது?

என்ன மதினி, எந்திரிச்சுட்டீக. எங்க போறீக? செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க, அந்தப் பக்கம் பாசி இருக்கு, வழுக்கும். பொண்ணு கையப் புடிச்சுக்கங்க.

சம்மந்தி, எந்திரிச்சு நில்லுங்க. வேட்டியச் சரி பண்ணிக்கங்க. உங்க பேருதான் வரப் போகுது.